புதுமனைக் கட்டணமும் ஊரார் வரிச்சுமையும்

ஊர் பெருகுதல் வேண்டும் என்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. மக்கள் தொகை மிக, தொழில்கள் ஓங்க, சிற்றூர் பேரூராகவும் பேரூர் மாநகராகவும் விரிதல் இயல்பேயாம். ஆயின், அங்ஙனம் விரியுங்கால் புதிதாய்த் தோன்றும் தெருவிற்குச் சாலை போடுதலும், மழைநீர் வடிகால் கட்டுதலும், குடிநீர்க் குழாய் இழுத்தலும், பாதாளச் சாக்கடை பதித்தலும், விளக்குக் கம்பம் நடுதலுமாகிய செலவை யார் தலைமேல் ஏற்றுவது என்று கேட்ட மாத்திரத்தே, அதுகாறும் ஒருமித்து நின்றோர் பலவாறாகப் பிரிந்துவிடுவர். முன்னரே குடியிருப்போர், 'பின் வந்தவர் கொடுக்க' என்பர். பின் வந்தவரோ, 'சொத்துவரி செலுத்துகின்றோமே, வேறு கட்டணம் எற்றுக்கு?' என்பர். மனை விற்றவர் இருதிறத்தார்க்கும் இடையே நின்று, தம் பங்கினின்று மெல்ல நழுவிவிடுவர்.

இவ்வழக்கைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர் நகராட்சிக் கணக்கில் நுழைதல் தகுமோ என்று எம் வகுப்புத் தோழர் சிலர் நகைப்பர். கல்வெட்டுக்களிற் காணும் வரிப்பெயர்களை வரிசையாய் மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நாம், நம் வீட்டு வாயிலிற் கொண்டுவந்து கொடுக்கப்படும் வரிச்சீட்டைப் படித்தறியாதிருத்தல் அதனினும் நகைப்பிற்குரியது என்பது எம் கருத்து.

முதற்கண், நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகின்றது என்பதைக் காண்போம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, ஒருவர் புதிதாய்க் கட்டிடம் எழுப்பினாலும், நிலத்தின் பயனை மாற்றினாலும், அதற்கு வளர்ச்சிக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். இது முற்றிலும் புதுமையான எண்ணம் அன்று. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, ஊரமைப்புத் திட்டத்தால் ஒருவர் நிலத்தின் மதிப்பு உயருமாயின், அவ்வுயர்வில் ஒரு கூற்றை ஊர்ப்பொதுவிற்குக் கொடுக்கவேண்டும் என்னும் விதி இடம் பெற்றிருந்தது. பிற்காலத்தே, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்ற பெயரால் மற்றொன்றும் சேர்க்கப்பட்டது. அதனை வசூலிப்பதற்குரிய விதிகள் 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இவையன்றி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், சாலைகள் நீங்கலாக எஞ்சியதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்குதல் வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலமாயின், ஒதுக்குவதற்கு ஈடாக அரசு வழிகாட்டி மதிப்பின்படி பணமாகவும் கட்டிவிடலாம். அதற்கு மேற்படின் நிலமாகவே கொடுத்தல் கடமையாம். கட்டிடத் தொழிலாளர் நலநிதிக்கெனக் கட்டிடச் செலவில் 1 விழுக்காடும் வசூலிக்கப்படுகின்றது. குடிநீர் இணைப்புக்கும் கழிவுநீர் இணைப்புக்கும் வைப்புத்தொகை வேறு.

இவையெல்லாம் ஒருங்கே சேர்ந்து வீடு கட்டுவோன் கைக்கு வரும்பொழுது, எதற்காக எதைக் கொடுக்கின்றோம் என்பது அவனுக்கு விளங்குவதில்லை. தொழிலாளர் நலநிதி ஒன்றே ஓரளவு விளங்கக்கூடியது. சாரத்தின்மேல் நின்று வேலை செய்வோன் தவறி விழுந்தால் அவன் குடும்பத்திற்கு உதவும் பணம் இது என்று எவர்க்கும் எடுத்துக் கூறலாம். ஏனைய கட்டணங்களைக் குறித்து அவ்வளவு தெளிவாய்க் கூறுவார் அரியர். இத்தெளிவின்மையே எம் குறையின் வேர்.

வரி என்பது வேறு, கட்டணம் என்பது வேறு. இவ்வேறுபாடு நம் சென்னை மாநிலத்தில் எழுந்த வழக்கொன்றிலேயே விரிவாக ஆராயப்பட்டது என்பது நம்மிற் பலர் அறியாதது. சிரூர் மடத்தைச் சார்ந்த வழக்கு 1954-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, அரசு தன் பொதுச் செலவுக்கெனக் கட்டாயமாய் வாங்குவது வரி என்றும், ஒரு குறித்த பணிக்காக வாங்கப்பட்டு அப்பணிக்கே செலவிடப்படுவது கட்டணம் என்றும் நீதிபதிகள் வகுத்துக் கூறினர். கொடுத்த காசுக்கு ஈடாய் அணுவளவும் பிசகாமற் பயன் கிடைத்தல் வேண்டும் என்பதில்லை என்று பிற்காலத் தீர்ப்புக்கள் அதனைச் சிறிது தளர்த்தியது உண்டு. எனினும், வாங்கும் பணத்திற்கும் செய்யும் பணிக்கும் இடையே ஒரு தொடர்பு இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. ஆகவே, கட்டணம் என்று பெயர் சூட்டி வாங்கிய பணத்தை வரியைப்போற் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடின், பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாய் முடியும்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஏரி ஆயம் என்றொரு வரியைக் காண்கின்றோம். ஏரியைப் பேணுதற்கென்றே அது வாங்கப்பட்டது. அதன் பெயரே அதன் செலவையும் சொல்லிவிடுகின்றது. (ஆயம் என்னும் இச்சொல்லே நம் தமிழ் விவிலியத்தில் ஆயக்காரர் என்று வழங்குகின்றது. அங்கு அவர்க்கு நற்பெயர் இல்லை. வாங்க வேண்டியதற்கு மேல் வாங்கியதே அதற்குக் காரணம்.) முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாடமாகப் படிப்போர் பெரும்பாலும் குடவோலை முறையோடு நின்றுவிடுகின்றனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள் அங்கு இருந்தன என்பதையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமேயன்றி அவர்தம் உறவினரும் மீண்டும் அதற்குத் தகுதியற்றவராயினர் என்பதையும் நினைவிற் கொள்வார் சிலரே. உறவினரைத் தண்டித்தல் இக்காலத்துக்கு ஒவ்வாதுதான். கணக்குக் காட்டாமை அத்துணைப் பெரிய குற்றமாய் எண்ணப்பட்டது என்பதே நாம் கருதத்தக்கது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானை உவமையை மேடைதோறும் கேட்டுக் காது புளித்திருப்போம். வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் அமைச்சர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எல்லார்க்கும் அது கைவந்த பொருள். அப்புறப்பாட்டு வரியே கூடாதென்று சொல்லவில்லை. சிறு நிலத்தின் விளைவேயாயினும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பன்னாள் உணவாகும், யானை தானே வயலுட் புகுந்தால் தின்பதினும் மிதிப்பது மிகும் என்பதே அதன் கருத்து. அளவும் முறையும் அறிந்து வாங்குதல் என்னும் இக்கூற்றைத்தான் புதுமனைக் கட்டணத்துக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. கட்டணம் நேர்மையானதா என்னும் வினாவுக்கு வருவோம். நேர்மையானதே என்பது எம் முடிபு. புதுத் தெருவொன்று தோன்றுமாயின் அதற்குச் செலவு உண்டு. அச்செலவு மாயமாய் மறைந்துவிடாது. புதிதாய் வந்தவர் கொடாராயின், அது பழைய தெருவினரின் வரியிலிருந்தே வருதல் வேண்டும். அப்பழைய தெருவினர் யாவர்? மாநகரங்களின் உட்பகுதியில், ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கைந்து குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளையும் அவர்களுள் எண்ணுதல் வேண்டும். சொத்துவரி ஏறினால் வீட்டுக்காரர் அதனை வாடகையில் ஏற்றிவிடுவார். புறநகரில் ஒருவர் கட்டும் மாடி வீட்டிற்கு வடிகால் அமைக்க, உள்நகரில் ஒண்டுக் குடித்தனம் செய்வோர் மாதந்தோறும் சில ரூபாய் மிகுதியாய்க் கொடுப்பது எந்த நீதிக்கு அடுக்கும்?

அற்றேல், புதியவர்மீது எவ்வளவு வேண்டுமாயினும் ஏற்றலாமோ எனின், அதுவும் ஆகாது. புதியவர் கட்டணம் ஒருமுறை கொடுப்பதோடு நில்லாமல், அன்று முதல் ஆண்டுதோறும் சொத்துவரியும் செலுத்துகின்றார். பழைய பூங்காவையும், பழைய பாலத்தையும், முன்னர் வாங்கிய கடனையும் அவ்வரியால் அவரும் தாங்குகின்றார். அவர் தெருவின் முழுச் செலவையும் முன்னரே வாங்கிக்கொண்டு, பிறர் தெருக்களின் செலவிலும் பங்கு கேட்பது ஒரு பொருளுக்கு இருமுறை விலை வாங்குவதை ஒக்கும். ஆதலின் கட்டணம் செலவில் ஒரு பங்காய் இருத்தல் தகும், முழுதுமாய் இருத்தல் தகாது. அப்பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு ஊரார் அறிய வெளியிடல் வேண்டும்.

இனி, இக்கட்டணத்தின்பால் ஆட்சியாளர்க்கு ஏன் இத்துணை விருப்பம் என்பதையும் ஆராய்தல் நலம். சொத்துவரியைக் கூட்டினால் இன்று வாக்களிக்கும் ஆயிரவர் சினப்பர். புதுமனைக் கட்டணத்தைக் கூட்டினாலோ, நாளை குடிவரப்போகும் சிலரே வருந்துவர்; அவர் பெயர் அவ்வூர் வாக்காளர் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. வாக்கில்லாதவரிடத்தே வாங்குதல் எவர்க்கும் எளிது.

இதனை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற் கண்கூடாகக் காணலாம். 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மாநில மக்கள் வாக்களித்துப் பதின்மூன்றாம் முன்மொழிவு என்பதனை நிறைவேற்றினர். அதன்படி சொத்துவரி வீட்டின் மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. அம்மதிப்பும், வீடு கைமாறினாலன்றி, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தப்படலாகாது. பழைய வீட்டுக்காரர் மகிழ்ந்தனர். நகராட்சிகளோ வருவாய்க்கு வழி தேடிப் புதுக் கட்டிடங்களின்மேற் கட்டணங்களைக் கூட்டத் தொடங்கின. ஒரே தெருவில், நாற்பதாண்டு முன் வாங்கியவர் சிறு வரியும், நேற்று வாங்கியவர் பெருவரியும் செலுத்த, புதிதாய்க் கட்டுவோர் அதற்கும் மேலாகக் கட்டணமும் செலுத்தும் நிலை வந்தது. அம்மாநிலத்தின் எல்டொராடோ கவுண்டியில், முதியவர் ஒருவர் தம் நிலத்தில், ஆலையிற் செய்து கொணரும் சிறு வீடொன்றை நிறுவ விரும்பினார். சாலைப் போக்குவரத்தின் பொருட்டு 23,420 டாலர் கட்டுக என்றது உள்ளாட்சி. அவ்வொரு வீட்டினால் சாலையில் எத்துணை வண்டி மிகும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை; அட்டவணையில் இருந்த தொகை அது. அவர் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே பணத்தைக் கட்டி வழக்குத் தொடுத்தார். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றத்து நீதிபதியர் ஒன்பதின்மரும் ஒருமித்து, சட்டமன்றம் வகுத்த அட்டவணை என்னும் காரணத்தால் மட்டும் ஒரு கட்டணம் ஆய்வுக்குத் தப்பிவிடாது என்று தீர்ப்பளித்தனர். கட்டிடத்தால் விளையும் சுமைக்கும் கேட்கப்படும் தொகைக்கும் தொடர்பும், ஏறத்தாழ ஒத்த அளவும் இருத்தல் வேண்டும் என்று 1987, 1994 ஆம் ஆண்டுகளின் தீர்ப்புக்களில் அந்நீதிமன்றம் முன்னரே வகுத்திருந்தது. அத்தொகை மிகையா அன்றா என்பதைத் தான் முடிவு செய்யாமல், அதனைக் கீழ்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது என்பதையும் கூறிவிடுதல் நேர்மை.

நம் நாட்டில் அத்தகைய முன்மொழிவு எதுவும் வாக்கெடுப்பிற்கு விடப்படவில்லை. ஆயினும் விளைவு வேறுபடவில்லை. சென்னையில் 1998-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சொத்துவரி, பின்னர் 2022 வரையில், அஃதாவது 24 ஆண்டுகள், நிலையாய் உயர்த்தப்படவில்லை. ஏனைய நகரங்களில் 2008-ஆம் ஆண்டோடு நின்றது. இடையே 2018-ஆம் ஆண்டில் உயர்த்தினர்; எதிர்ப்பு மிகவே அடுத்த ஆண்டிலேயே நிறுத்தி வைத்தனர். இக்காலத்துள் சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராய் விரிந்தது. 42 உள்ளாட்சிகள் அதனுடன் இணைந்தன. புதிய பரப்பு, புதிய தெருக்கள், பழைய வரி! முடிவில், வரியைச் சீராக்கினாலன்றி மானியம் இல்லை என்று பதினைந்தாம் நிதிக்குழு நிபந்தனை விதித்தமையால், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கட்டிடத்தின் அளவுக்கும் இடத்துக்கும் ஏற்ப 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை ஒரேயடியாய் உயர்த்தப்பட்டது. ஆண்டுக்குச் சிறிது சிறிதாய் உயர்ந்திருப்பின் எவரும் உணராதிருக்கக்கூடிய சுமை, ஒருநாளில் தலைமேல் விழுந்தது. யானை வயலுட் புகுந்தது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி வரையில் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. தனி அலுவலர்களே ஆண்டனர். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அக்காலத்தே வாங்கப்பட்ட கட்டணங்களைக் குறித்து, 'எங்கள் தெருவிற்கு யாது செய்தீர்?' என்று கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என ஒருவர் இலர். அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு நிலைபேறு அளிக்கவே 1992-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது என்பதை எண்ணுங்கால் இது எளிதில் மறக்கத்தக்கதன்று.

கட்டணத்தின் பணம் எங்கே செல்கின்றது? உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் மாநில அளவில் வைக்கப்பட்டுள்ள ஒரு நிதியிற் சேர்கின்றது. அதிலிருந்து பெருந்திட்டங்களுக்குப் பணம் வழங்கப்படுகின்றது. பெருந்திட்டங்கள் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. ஓர் ஊரில் எழும் அடுக்கு மாடியின் பொருட்டு வாங்கிய பணம் அவ்வூரின் குழாய்க்கும் வடிகாலுக்கும் முதற்கண் செல்லாது, தொலைவிலுள்ள வேறொரு பணிக்குச் செல்லுமாயின், சிரூர் மடத் தீர்ப்பின் சொற்களில் அது கட்டணமாகுமோ வரியாகுமோ என்னும் ஐயம் எழுகின்றது. தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் பெண்மணியிடம், 'அம்மா, நீங்கள் கொடுத்த கட்டணம் மாநில நிதியில் பாதுகாப்பாக இருக்கின்றது' என்று கூறுதற்கு எவர்க்கு நா எழும்?

திறந்தவெளிக்கு ஈடாகப் பணம் வாங்கும் ஏற்பாடும் எமக்கு உடன்பாடன்று. பணத்தை வேறிடத்திற் செலவிடலாம், நிலத்தை வேறிடத்திற்குத் தூக்கிச் செல்லல் இயலாது. மனைகள் நிறைந்து முடிந்தபின், பிள்ளைகள் ஓடியாட ஒரு கோல் நிலம் வேண்டுமென்றால் எங்கே போய் வாங்குவது?

இனி, இப்பொருளில் எம் நெஞ்சை மிகவும் வருத்துவதாகிய அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பயிர் நிலத்தையோ ஏரியோரத்தையோ வாங்கிய ஒருவர், கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, பேருந்து நிலையத்திலிருந்து இலவச வண்டி விட்டு, மதிய உணவும் அளித்து மனைகளை விற்றார். சாலைக்கென்று வரைபடத்திற் காட்டிய இடம் மண்மேடாகவே கிடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த ஆசிரியரும், ஆலைத் தொழிலாளரும், அயல்நாட்டில் உழைத்துத் திரும்பியவரும் அவற்றை வாங்கினர். பத்திரப் பதிவு அலுவலகமோ அம்மனைகளை ஆண்டாண்டாய்த் தடையின்றிப் பதிந்து, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் குறைவின்றி வாங்கிக்கொண்டது. அரசின் ஒரு கை பணம் வாங்க, மற்றொரு கை 'இம்மனை முறையற்றது' என்றது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதிதல் கூடாதென்று தடை விதித்தபின்னரே அரசு விழித்தெழுந்தது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முன் பதியப்பட்ட மனைகள் உரிய கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பது அவற்றின் சாரம். கட்டணம் மிகை என்று முறையீடு எழவே, அதே ஆண்டு அக்டோபரில் அது குறைக்கப்பட்டது.

வரன்முறை வேண்டியதே. அஃதின்றேல் எத்தனையோ குடும்பங்கள் தம் மனையை விற்கவும் மாட்டாமல், வீடு கட்டக் கடன் பெறவும் மாட்டாமல் தவித்திருக்கும். ஆயின் அக்கட்டணத்தைக் கொடுத்தவர் யார்? மனையை விற்று இலாபம் கொண்டவர் பலவிடங்களில் நெடுநாள் முன்னரே கைகழுவிப் போய்விட்டார். வாங்கியவரே வரன்முறைக் கட்டணமும், வளர்ச்சிக் கட்டணமும் சுமந்தார். முறைப்படி அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவிலோ, சாலைகளை அமைத்துத் தானப்பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைப்பது விற்பவர் கடமை. முறையாய் நடந்தவர் செலவு செய்கின்றார்; முறை தவறியவர் செலவின்றித் தப்புகின்றார்; அவர்க்குரியதை ஏழை வாங்குநரும் ஊர் வரிசெலுத்துநரும் பங்கிட்டுக்கொள்கின்றனர்! கட்டண முறை எத்துணைச் செம்மையாய் வகுக்கப்படினும், அதனை முதலில் செலுத்தவேண்டியவர் நிலத்தை மனையாக்கி விற்பவரே என்பதை உறுதி செய்யாவிடின் பயனில்லை.

'விற்பவர்மேல் ஏற்றினால் அவர் விலையில் ஏற்றி வாங்குபவர் தலையிலேயே கட்டுவாரே' என்று பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர் எம்மோடு வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை அன்று. கட்டணம் திடீரென்று வருமாயின், முன்னரே நிலத்தை உயர்ந்த விலைக்கு வாங்கிய விற்பனையாளர் அதனை வாங்குநர்மேல் ஏற்றவே முயல்வார். பல்லாண்டு முன்னரே அறிவித்து, மாறாது நிற்குமாயின், 'இந்நிலத்தை மனையாக்க இவ்வளவு கட்டணம் உண்டு' என்று கணக்கிட்டு, நிலத்துக்கே குறைந்த விலை பேசுவார். அப்பொழுது சுமையில் ஒரு பங்கேனும் பயிர் நிலத்தின் திடீர் விலையேற்றத்திற் கழிந்துவிடும். ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதினும், அது நிலையாய் முன்னறியத்தக்கதாய் இருக்கின்றதா என்பதே பெரிது. நம் நாட்டிலோ அது அடிக்கடி மாறுகின்றது, குறைகின்றது, சலுகைக் காலம் நீட்டிக்கப்படுகின்றது. காத்திருந்தவன் இலாபம் பெறுகின்றான். உடனே கட்டியவன் ஏமாளியாகின்றான்.

எல்லை மீறினால் யாது நேரும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. போருக்குப்பின் 1947-ஆம் ஆண்டில் இயற்றிய நகர் ஊரமைப்புச் சட்டத்தில், கட்டிட அனுமதியால் நிலத்துக்கு உண்டாகும் மதிப்பு உயர்வு முழுவதையும், அஃதாவது நூற்றுக்கு நூறும், வளர்ச்சிக் கட்டணமாய் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றனர். ஊராரால் விளைந்த மதிப்பு ஊராரையே சேர்க என்னும் அக்கொள்கை கேட்க இனிது. ஆயின் தனக்கு ஒரு காசும் மிஞ்சாதெனின் நிலத்தை விற்க எவன் முன்வருவான்? நிலங்கள் விற்பனைக்கு வாராது முடங்கின. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கட்டணம் ஒழிக்கப்பட்டது.

சிறு வீடு கட்டுவோர்க்கு நம் அரசு 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செய்த உதவியையும் குறித்தல் வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம் என்றும், அவர்க்கு ஆய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணமும் இல்லை என்றும் அறிவித்தனர். அலுவலகப் படிகளில் ஏறியிறங்கும் துன்பம் நீங்கியது வரவேற்கத்தக்கது. அங்கே எழுதப்படாத கட்டணமும் ஒன்று உண்டென்பது ஊரறிந்தது. அதற்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

கலிபோர்னியாவில் 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றில் நாம் கைக்கொள்ளத்தக்க ஏற்பாடு உள்ளது. கட்டணம் வாங்கும் உள்ளாட்சி, எதற்காக வாங்குகின்றோம் என்பதை முன்னரே எழுதுதல் வேண்டும். அப்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை, செலவிடாது எஞ்சிய பணத்தை இன்ன பணிக்கென வைத்துள்ளோம் என்று காட்டுதல் வேண்டும். காட்டாவிடின் பணத்தைத் திருப்பித் தரும் கடமை எழுகின்றது. கட்டணத்தை மிகுதியாய் வாங்கும் அம்மாநிலமே இவ்வளவு ஒழுங்கைத் தன்மேல் விதித்துக்கொண்டதெனின், நாம் விதித்துக்கொள்வதில் யாது தடை?

நம் நகரங்களில், 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, வார்டுதோறும் வார்டுக்குழுவும் பகுதி சபைகளும் அமைந்துள்ளன. அங்கே ஆண்டுக்கொருமுறை ஒரு தாள் ஒட்டப்படுக: இவ்வார்டில் இவ்வாண்டு இத்தனை கட்டிடங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது, அவற்றால் வந்த கட்டணம் இவ்வளவு, அதிலிருந்து இவ்வார்டில் செலவிட்டது இவ்வளவு, எஞ்சியது இன்ன பணிக்காக இன்ன நிதியில் உள்ளது. ஐந்தாண்டில் செலவிடப்படாத பணத்தை அத்தெருவினரின் சொத்துவரியிற் கழித்துக் கொடுக்கலாம். பணத்தை வீடு வீடாய்த் திருப்பும் தொல்லை அதில் இல்லை. இதற்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தல் வேண்டும். உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணத்தை வாங்குதற்கும் அச்சட்டத்தில் அங்ஙனமே ஒரு பிரிவைச் சேர்த்தனர்.